அதிராவின் ஜாதகத்தைக் காணோம்

தண்ணீர்மலைக் கோவிலில் அர்ச்சனை முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு மனைவியுடன் கெலுகோர் வீட்டுக்குத் திரும்பிய சுகுமாரனை, உடைந்து தொங்கிய பின்வாசல் பூட்டுதான் வரவேற்றது.

டிவி இருந்தது. மனைவி குமுதாவின் நகைகள் இருந்தன. பத்திரங்கள் வைத்திருந்த ஃபைலை மட்டும் காணோம். வீட்டுப் பத்திரம், பிறப்புப் பத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக மகள் அதிராவின் ஜாதகம்!

"ஐயோ, சாயங்காலம் பொருத்தம் பாக்க வராங்களே!" குமுதா தலையில் அடித்துக்கொண்டாள்.

முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அலையாய் அலைந்து அமைந்த வரன். மாப்பிள்ளை யுகேந்திரனுக்கும் அதிராவுக்கும் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை. அவன் அப்பாவோ ஜாதகம் பொருந்தாத வீட்டில் காபிகூடக் குடிக்கமாட்டார்.

சுகுமாரன் போலீஸ் நிலையத்துக்கு ஓடினார். ஜாதகம் என்றால் என்னவென்று மலாய்க்காரப் போலீஸ்காரருக்கு விளக்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. வானத்து வரைபடம் ஒன்று களவு போனதாக எழுதிக்கொண்டு அனுப்பிவைத்தார் அவர்.

வீடு திரும்பியவர் குமுதாவிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துடலாம் லா. அதிரா காலையிலதான பொறந்தா?"

"நீங்களா பெத்தீங்க? ராத்திரி!"

நேரம் எழுதியிருந்த பிறப்புப் பத்திரமும் திருடனோடு போய்விட்டதே! காலை என்று போட்டால் செவ்வாய் தோஷம் என்றது கம்ப்யூட்டர். ராத்திரி என்று போட்டால் மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆகாது என்றது. இருவரும் போட்ட சண்டையில் விஷயம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தெரிந்துபோனது.

வேலை முடிந்து வந்த அதிரா நிதானமாகச் செருப்பைக் கழற்றினாள்.

"விடுங்கப்பா. ஜாதகம் இல்லாமலே பேசிப் பாருங்களேன்."

"ஒனக்கு ஒலகம் தெரியாதும்மா." சுகுமாரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நகையை எடுத்துக்கொண்டு ஜாதகத்தை விட்டிருக்கக் கூடாதா அந்தப் பாவி? பெண்ணின் வாழ்க்கையே பாழாகிவிட்டதென்று அவருக்குக் கண்ணீர் பொங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணத் தரகர் நல்லம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள். இனி மறைத்துப் பயனில்லை. சுகுமாரன் கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்கக்கா. வீட்டுல திருடன் பூந்துட்டான். எம் பொண்ணு ஜாதகம் போயிடுச்சு."

நல்லம்மாள் வாயைப் பிளந்தாள்.

"இங்கயுமா? அதச் சொல்லத்தான் அண்ணே நானும் ஓடி வந்தேன்! இன்னைக்குக் காலைல யுகேந்திரன் வீட்டுலயும் பூட்ட ஒடச்சு, நகைநட்ட தொடாம, பையனோட ஜாதகத்த மட்டும் தூக்கிட்டுப் போயிட்டானாம் லா!"