ஈறு வீங்கினால் உண்ணாவிரதம்

துலுக்கானத்துக்கு ஈறு வீங்கினால் கொரட்டூரில் ஒரு கோரிக்கை பிறக்கும்.

ஏரிக்கரைத் தெருவில் விளக்கு எரிகிறதே, அது கீழ்வரிசை ஈறு வாங்கிக் கொடுத்தது. பம்பு கம்பெனி கேண்டீன் சாம்பாரில் பருப்பு தென்படுகிறதே, அது மேல்வரிசை, வலது பக்கம். ஈறு வீங்கும், சோற்றை மெல்ல முடியாது. பல்வலி என்று படுத்துக்கொள்வது ஒரு சங்கத் தலைவருக்கு அழகா? கம்பெனி வாசலில் பாயை விரித்து "உண்ணாவிரதம்!" என்று அறிவித்துவிடுவார். வீக்கம் வடிந்ததும் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொள்வார். 'பசியை வென்ற தலைவர்' என்று நோட்டீசில் அச்சடித்தார்கள். உண்மையில் பசி வந்து, அவர் வாயை எட்டிப் பார்த்துவிட்டு, பயந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

பல் டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் தடியடிக்குப் பயப்படாதவர், மெமோவைக் கிழித்து மேனேஜர் மேஜையிலேயே வைத்தவர், அந்த ஒரு நாற்காலிக்குப் பயந்தார். காரணம் உண்டு. எதிர்ச் சங்கத்துப் பேச்சாளர் மனோகரன் பல்வலி என்று போய், முன்பல் அத்தனையும் பறிகொடுத்துத் திரும்பினார். இப்போது அவர் மேடை ஏறினால் முன்னால் நிற்கிற தோழர்கள் குடை விரிக்கிறார்கள். துலுக்கானத்துக்குக் கீழ்ப்பல் நான்கும் ஏற்கெனவே லேசாக ஆடின. கூட நின்று கோஷம் போட்டவனெல்லாம் சூப்பர்வைசராகி ஸ்கூட்டரில் போகிறான். ஆயுள் முழுக்கப் போராடியவருக்கு மிஞ்சியது அந்தக் குரல் ஒன்றுதான். அதுவும் காற்றாய்ப் போய்விட்டால்?

எண்பத்தேழாம் வருஷம் ஒரு காலையில், குழாயடியில் செங்கல் பொடியால் பல் துலக்கிக்கொண்டிருந்தவரை மனைவி வேம்புலியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், இன்னாயா இது? துப்புனா செவப்பா கீது?"

"செங்கொடிக்காரன் எச்சில் பின்ன பச்சையாவா இருக்கும்?"

"வாயத் தொற. ஐயோ, எகிறு பலூனு கணக்கா ஊதிகினு கீதே! பல்லு டாக்டராண்ட போய் சுத்தம் பண்ணிகினா வடிஞ்சிடும்னு நாகவல்லி சொல்றா."

நாகவல்லி பக்கத்து வீட்டுக்காரி. பம்பு கம்பெனி டிஸ்பென்சரியில் ஆயா.

"சுத்தம் பண்றேன்னு சொரண்டுவான். சொரண்டுனா ஆடும். ஆடுனா புடுங்குவான். இதெல்லாம் முதலாளித்துவ சூழ்ச்சிமே, உனக்குப் புரியாது."

"உன் பல்லுல இன்னாயா முதலாளிக்கு லாபம்?"

பதில் இல்லாத கேள்விக்குத் துலுக்கானத்திடம் எப்போதும் ஒரே பதில்தான். "நாளைலேர்ந்து உண்ணாவிரதம்!"

"எதுக்கு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். விளக்கு எரிகிறது. பருப்பு மிதக்கிறது. சைக்கிள் கொட்டகைக்குக் கூரை போட்டாயிற்று. போனஸ் பேச்சுவார்த்தையில் கிடக்கிறது. நடுவில் பாய் விரித்தால் சங்கத்துக்குள்ளேயே உதைப்பார்கள். இந்த நாட்டில் அநியாயத்துக்கா பஞ்சம்? அன்று பார்த்து ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை.

வேம்புலியம்மாள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "கம்பெனி டிஸ்பென்சரிக்குப் பல்லு டாக்டர் வேணும்னு கேளேன்."

துலுக்கானம் கையால் வாயை மூடிக்கொண்டார். "பல்லு டாக்டரா?"

"உனக்கில்லய்யா, தொழிலாளிக்கு. ஆனா வேணாம் உடு. குடுக்க மாட்டானுங்க."

"மாட்டானுங்களா?"

"கட்டுப் போட பஞ்சு கேட்டா பழைய வேட்டியக் கிழிச்சிக் குடுக்கற கம்பெனி, பல்லு டாக்டரா குடுக்கும்?"

துலுக்கானத்தின் முகம் மலர்ந்தது. கிடைக்கவே கிடைக்காத கோரிக்கை! வீக்கம் வடிந்து, அடுத்த வீக்கம் வரும்வரைகூட உட்காரலாம்.

"வேம்புலி, உனக்கு வர்க்க உணர்வு வந்துட்சு!"

"வரும், வரும்" என்று அவள் முறத்தைத் தட்டினாள்.

மறுநாள் கம்பெனி வாசலில் பந்தல் எழுந்தது. துணைச் செயலாளர் அப்பாவு அட்டைகளை எழுதிக் கட்டினார்: 'முதலாளிக்குத் தங்கப்பல்! தொழிலாளிக்குச் சொத்தைப்பல்லா?' துலுக்கானம் நிம்மதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வழக்கமாக மூன்றாம் நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற பர்சனல் ஆபீசர், அன்று டீ வேளைக்கு முன்பே வெளியே வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார். நிர்வாகம் உறுமினால் துலுக்கானத்துக்குச் சமாளிக்கத் தெரியும். சிரித்தால்தான் தெரியாது.

"உங்க கோரிக்கையை ஏத்துக்கறோம்."

"முழுசாவா?"

"முழுசா."

"எழுத்து மூலமா தரணும்!"

காகிதத்தை நீட்டினார். முத்திரை குத்தியிருந்தது.

"குடும்பத்துக்கும் சேத்து!"

"சேத்தாச்சு."

"பேச்சுவார்த்தையே இல்லாம எப்படி சார் ஒத்துப்பீங்க? இது தொழிலாளியை அவமானப்படுத்தற மாதிரி இல்ல?"

அப்பாவு இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. "வெற்றி! வெற்றி!" என்று கத்திவிட்டார். மாலை விழுந்தது. உண்ணாவிரதத்தை முடித்துவைக்க எலுமிச்சம் சாறு வந்தது. புளித்த சாறு புண்ணான ஈறில் பட்டதும் துலுக்கானத்தின் இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கண்ணீர்.

"தலைவர் கலங்கறார்!" என்று கூட்டமும் கலங்கியது.

"டாக்டர் உள்ளயே காத்திருக்காங்க" என்றார் ஆபீசர். "முதல் ஆளா தலைவர்தான் உட்காரணும்."

"மூத்த தொழிலாளி யாராவது..." என்று துலுக்கானம் பின்வாங்கினார்.

பெண்கள் பக்கமிருந்து வேம்புலியம்மாளின் குரல் எழுந்தது. "பாத்துக்கோங்க! தடியடின்னா மொத ஆளு, நாற்காலின்னா கடைசி ஆளு! அதான் எங்க ஊட்டுக்காரு!"

அப்பேர்ப்பட்ட தியாகியை விட்டுவிடுவார்களா? அப்பாவுவும் இன்னும் சிலரும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், கோஷத்தோடு பல் நாற்காலியில் இறக்கிவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

டாக்டர் வசந்தகுமாரி சின்ன வயது. விளக்கை இழுத்து வாய்க்கு நேராக வைத்தாள். வாய் பூட்டியிருந்தது.

"எத்தினி புடுங்குவீங்க?" என்று பூட்டின வாயால் கேட்டார்.

"ஒண்ணுகூடப் பிடுங்கப் போறதில்ல சார்."

"சொரண்டுனா ஆடுமே?"

"ஆட வைக்கறதே உள்ள இருக்கற காரைதான் சார். கல்லு மாதிரி படிஞ்சு ஈறைப் புண்ணாக்கி வச்சிருக்கு. அதை எடுத்தா வீக்கம் வடியும், ஈறு இறுகும். இப்படியே விட்டிருந்தா பல்லைத் தாங்கற எலும்பு கரைஞ்சு, நான் தொடாமலே விழுந்திருக்கும்."

துலுக்கானம் இளவயதில் பாய்லருக்குள் படிந்த உப்புச் செதிலைத் தட்டி எடுத்தவர். கர் கர் என்று அதே சத்தம் இப்போது அவர் தாடைக்குள் கேட்டது. கைப்பிடியை நசுக்கிவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டார். கூசியது. ரத்தம் வந்தது. கொப்பளித்துத் துப்பச் சொன்னாள். துப்பினார். கல்தான் விழுந்தது, பல் விழவில்லை. நாக்கை மெல்ல அனுப்பித் தடவிப் பார்த்தார். கீழ்ப்பல் நான்கும் அப்படியே இருந்தன. ஒரு தோழர்கூட ராஜினாமா செய்யவில்லை.

"செங்கல் பொடி வேணாம். மெத்துனு ஒரு பிரஷ் வாங்கிக் காலையிலும் ராத்திரியும் தேய்ங்க. ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து சுத்தம் பண்ணிக்கிட்டா இந்த வீக்கமே வராது."

வெளியே வந்த துலுக்கானம் சோதனைக்கு ஒரு "தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!" போட்டுப் பார்த்தார். கணீரென்று ஒலித்தது. யார் மேலும் எச்சில் தெறிக்கவில்லை. அத்தனை வருஷமாக நெஞ்சில் கட்டியிருந்த மூச்சை அன்றுதான் முழுசாக விட்டார்.

வீக்கம் வடிந்தது. துப்பினால் வெள்ளையாக இருந்தது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேம்புலியம்மாள் நண்டுக் குழம்பு வைத்தாள். துலுக்கானம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்தில் நடந்தார்.

"பாத்தியாமே? டீ வேளைக்குள்ள நிர்வாகம் மண்டி போட்டுட்சு. இதான் சரித்திரம்!"

கிண்ணத்தோடு வாசலில் நின்ற நாகவல்லிக்குச் சிரிப்பு வெடித்தது.

"இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல அண்ணாத்தே. அந்த நாற்காலி உண்ணாவிரதத்துக்கு முன்னாடியே வந்துட்சு. கோணி சுத்தி எங்க ரூம்லதான் கெடந்துச்சு. டாக்டரம்மாவையும் போட்டுட்டாங்க. தொறந்து வெக்கத்தான் நாள் பாத்துகினு இருந்தாங்க. அக்காவாண்ட அப்பவே சொன்னேனே!"

துலுக்கானம் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "தெரிஞ்சேவா கேக்கச் சொன்ன?"

"பின்ன? கையப் புடிச்சி இஸ்துகினு போனா வருவியா நீ? ஊர்கோலமா தூக்கிகினு போனாதான வருவ!"

"துரோகம்! இதைக் கண்டிச்சு இந்த நிமிஷத்துலேர்ந்து உண்ணாவிரதம்!" பாய் கூடத்தில் விரிந்தது.

"சரி. நாகவல்லி, நண்டு மொத்தத்தையும் நீயே எடுத்துகினு போ."

குழம்பு வாசனை கூடத்தைச் சுற்றி வந்தது. வீங்காத ஈறோடு துலுக்கானம் இதுவரை பட்டினி கிடந்ததே இல்லை. நாகவல்லி சட்டியைத் தூக்கினாள்.

"பேச்சுவார்த்தைக்கு ரெடி" என்றது பாய்.

"கோரிக்கை இன்னா?" என்றாள் வேம்புலியம்மாள்.

"பெரிய கொடுக்கு எனக்கு."