நானூற்றுப் பன்னிரண்டு சுரங்கங்கள்

பாலம் கட்டிய ஒருவனுக்குப் பாலத்தைப் பற்றி மேலும் படிக்க ஆசை வருவது இயல்பு என்று நாம் நினைப்போம். நமக்குக் கையெழுத்து வைக்கும் அதிகாரம் இல்லை, ஆகவே அப்படி நினைக்கலாம்.

ரொறொன்ரோ நகரத்து ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், பதினோராம் மாடியில் குடியிருந்த சீமோனுக்கு 1997ஆம் ஆண்டு வசந்தத்தில் இந்த ஆசை சட்டப்படி வந்தது. மன்னாரில் பிறந்து, எண்பத்து மூன்றில் ரொறொன்ரோ வந்து, இங்கேயே சிவில் எஞ்சினியரிங் படித்து முடித்தவர் அவர். 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை' என்று பதினாறு கம்பனிகள் திருப்பி அனுப்பியபின் கனடா இராணுவத்தில் சேர்ந்தார். இராணுவத்தைவிடக் கனேடியனான ஒரு வேலை இருக்க முடியாது என்பது அவருடைய கணக்கு. இராணுவம் அவரைப் பொறியியல் பிரிவில் போட்டு பொஸ்னியாவுக்கு அனுப்பியது. அங்கே ஓர் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டார், வயல்களில் கண்ணிவெடி அகற்றினார். ஆறாம் வருடம் ஆட்குறைப்பு வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு கடிதமும் கொடுத்தார்கள். தொண்ணூறு நாட்களுக்குள் ஒரு முதுகலைப் பொறியியல் படிப்பைத் தெரிவுசெய்து, தக்க அதிகாரியின் அங்கீகாரத்தையும் பெற்றால், இரண்டு வருடப் படிப்பை அரசாங்கம் பொறுப்பேற்கும். தவறினால் தவறியதுதான்.

எதைப் படிப்பது என்பதில் சீமோனுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. பொஸ்னியாவில் அவர் போட்டது இரும்புத் துண்டுகளைக் கோத்துக் கட்டும் இராணுவப் பாலம். படை புறப்பட்டபோது அதைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். அக்கரையில் ஒரு பெண் தள்ளுவண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சீமோனுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாத பாலம் ஒன்றைக் கட்டப் பழக வேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தார். விண்ணப்பப் படிவத்தில் இதை எழுத இடம் விட்டிருக்கவில்லை.

அந்த வருடம் ரொறொன்ரோத் தமிழர் எல்லாரும் கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும் கணத்தில் உலகத்துக் கொம்பியூட்டர்கள் யாவும் வருடம் தெரியாமல் மயங்கி விழும் என்றும், தூக்கி நிறுத்த ஆட்கள் தேவை என்றும் பேச்சு. ஆறு மாதச் சேர்ட்டிபிக்கற் எடுத்தவர்கள் விட்பிப் புறநகரில் வீடு பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சீமோனின் மனைவி மக்டலீனுக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். பெயர் அமிர்தநாதர். ஊரில் சமாதான நீதவான், இங்கே முத்திரை வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர். சீமோனின் ஆசையைக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார்.

"பாலமோ? ரெண்டாயிரமாம் ஆண்டு பாலம் விழுமோ?"

"விழாது, மாமா."

"பாத்தீரோ. விழாத சாமானுக்கு ஆர் சம்பளம் தரப்போறான்? கொம்பியூட்டர் விழும். விழுகிற பக்கமாய்ப் போய் நில்லும்."

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனபின் மக்டலீன் சொன்னாள்: "மாமா சொல்லுறதைச் சொல்லட்டும். நீங்கள் கொம்பியூட்டருக்கு முன்னாலை மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டிருந்தால் பாக்கப்போறது நான். பாலத்தையே படியுங்கோ."

தக்க அதிகாரியைத் தேடிச் சீமோன் போனார். முன்னாள் படையினர் கல்வித் தெரிவு அங்கீகார அலுவலகத்தில் தக்க அதிகாரியாக வீற்றிருந்தவர் யாழ்ப்பாணத்துக் கிளடிஸ் அன்ரி. நம்மவர் ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று சீமோனுக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் நாலு நிமிடம் நீடித்தது.

"வயசு?"

"முப்பத்திமூண்டு."

"அப்ப 'வெற்றரன்', அதுதான் முன்னாள் போர்வீரர், எண்ட பெட்டிக்குள்ளை உம்மைப் போடேலாது, தம்பி. வெற்றரன் எண்டால் ஜேர்மன்காரனோடை சண்டை பிடிச்சிருக்கவேணும்."

"நான் அப்ப பிறக்கயில்லை, அன்ரி."

"உது விண்ணப்பகாரரின்ரை தனிப்பட்ட காரணம். 'வேறு' எண்டு போடுறன். அனுபவம் என்ன?"

"பாலம் கட்டினனான்."

"எங்கை?"

"பொஸ்னியாவிலை."

கிளடிஸ் அன்ரி பேனையைக் கீழே வைத்தார். "அப்ப உது கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை."

"கட்டினது கனடா ஆமி, அன்ரி. உடுப்புக் கனடா. இரும்பு கனடா. சாப்பாடும் இஞ்சையிருந்துதான் பெட்டியிலை வந்தது."

"ஆறு?"

"ஆறு அங்கத்தையான்."

"பாத்தீரோ. சரி, அந்தப் பாலம் இப்ப இருக்கோ?"

"இல்லை. கழட்டிக்கொண்டு வந்திட்டம்."

"கனேடியனும் இல்லை, பாலமும் இல்லை." ஒரு வரியை வெட்டினார். வெட்டும்போது அவருக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். "வேறை ஒண்டும் செய்யயில்லையோ?"

"மைன் எடுத்தனான்."

அன்ரியின் முகம் மலர்ந்தது. தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். தமிழில் கண்ணிவெடியும் சுரங்கமும் ஒன்றுக்கொன்று உறவில்லாத சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மைன் என்றே பெயர். அந்தப் புத்தகத்தில் ஒரேயொரு மைன்தான் இருந்தது, அதற்கு நேரே 'சுரங்கப் பொறியியல்' என்று போட்டிருந்தது.

"அன்ரி, இது வெடிக்கிற மைன்."

"மைன் எண்டால் வெடிதானே. வெடி வைச்சுத்தான் கல்லு உடைக்கிறவை."

"நான் வெடிக்காமல் எடுத்தனான்."

"நல்லது. பாதுகாப்புக்குத் தனிப் புள்ளி இருக்கு. எத்தினை மைனிலை வேலை செய்தனீர்?"

"நானூற்றிப் பன்னிரண்டு."

அவர் எழுத்தாலும் இலக்கத்தாலும் எழுதினார். "ஆழம்?"

"பத்துச் சென்றிமீற்றர் வரும்."

"மீற்றரிலை கேக்கினம். சைபர் தசம் ஒண்டு. ஒரு மைனிலை எவ்வளவு காலம் நிண்டனீர்?"

"இருவது நிமிசம். சிலதிலை அரை மணித்தியாலம்."

கிளடிஸ் அன்ரி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அடிக்கடி வேலை மாறியிருக்கிறீர். பரவாயில்லை, இளம் வயசு. நாடு எண்ட இடத்திலை கொம்பியூட்டர் தானாய்க் 'கனடா' எண்டு போடுது. மைனுக்கு வேறை நாடு அதுக்குத் தெரியாது. உமக்கு அதிஷ்டம், தம்பி. ஒரு கையெழுத்து."

சீமோன் கையெழுத்து வைக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் சிவில் பகுதிக்கு நேரே போய், பாலத்தின் படத்தைக் காட்டினார். அவர்கள் படத்தைப் புகழ்ந்துவிட்டு, அலுவலகம் உங்களுடைய கோப்பைச் சுரங்கப் பகுதிக்கு அனுப்பிவிட்டது, மாற்றித் தர முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் சுரங்கப் பேராசிரியரே தொலைபேசியில் அழைத்தார். இங்கே எல்லாருமாகச் சேர்ந்து பத்தொன்பது சுரங்கம்தான் பார்த்திருக்கிறோம், நானூற்றுப் பன்னிரண்டைக் கண்ட மனிதரோடு பேசுவதில் பெருமைப்படுகிறேன் என்றார். சீமோன் உண்மையைச் சொன்னார். நிலத்தில் புதைத்த வெடி, மிதித்தால் கால் போகும் என்று விளக்கமாகவே சொன்னார். எட்டு மாணவர் சேராவிட்டால் பேராசிரியருடைய பகுதியை இழுத்து மூடிவிடுவார்கள். ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள்.

"பத்துச் சென்றிமீற்றர் என்றால் அது மேற்பரப்புச் சுரங்கம்" என்றார் பேராசிரியர். "வளர்ந்துவரும் துறை."

எண்பத்தொன்பதாவது நாள் சீமோன் மறுபடியும் கிளடிஸ் அன்ரியின் முன்னால் போய் இருந்தார். பிழையைத் திருத்தும்படி கெஞ்சினார். அன்ரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ரை கதையைக் கேளும். நான் யாழ்ப்பாணக் கச்சேரியிலை பன்னிரண்டு வருசம் வேலை."

அரசாங்க அதிபரின் அலுவலகத்தைத்தான் அங்கே கச்சேரி என்பார்கள். சீமோன் தலையாட்டினார்.

"சேவைக் கடிதத்தை இஞ்சை மொழிபெயர்க்கக் குடுத்தன். மொழிபெயர்த்தவர் 'கொன்சேட்' எண்டு எழுதிப்போட்டார். பன்னிரண்டு வருசம் நான் பாட்டுக்காரி."

"ஆர் மொழிபெயர்த்தது?"

"உம்மடை அமிர்தநாதர் மாமாதான். முத்திரையும் குத்தி."

"பிறகு?"

"பிறகென்ன, தொழிற்பயிற்சி எண்டு பார்க்டேலிலை ஒரு பாடகர் குழுவிலை விட்டவை. எனக்குத் தொண்டை இல்லை. ரெண்டு வருசம் வாயை மட்டும் அசைச்சனான். திறமான ரிப்போட் தந்தினம். அதைக் காட்டித்தான் இந்தக் கதிரையிலை இருக்கிறன்."

"பிழை எண்டு நீங்கள் சொல்லயில்லையோ?"

"சொன்னவள் ஒருத்தி, புனிதவதி. அவவும் கச்சேரிதான், மட்டக்களப்பு. பதினொரு வருசமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறா." அன்ரி படிவத்தைத் தள்ளினார். "பட்டத்தை எடும். எடுத்தாப்பிறகு பாலமோ பள்ளமோ உம்மடை விருப்பம்."

சீமோன் கையெழுத்து வைத்தார்.

அவர் வடக்கே போய் உண்மையான சுரங்கங்களுக்குள் இறங்கினார், கல்லைப் படித்தார். ஓய்வு நாட்களில் நூலகத்தில் இருந்து பாலப் புத்தகங்களைத் தாமாகவே வாசித்து முடித்தார். 'மிக ஆழம் குறைந்த சுரங்கங்கள்: ஒரு கள அனுபவம்' என்ற அவருடைய ஆய்வேட்டைப் பரீட்சகர்கள் மூவர் ஆராய்ந்தார்கள். அந்தச் சுரங்கங்களிலிருந்து என்ன எடுக்கப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. 1999 வசந்தத்தில் பட்டம் கிடைத்தது.

அந்தக் கோடையில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. பொஸ்னியாவில் பாலங்களை மீளக் கட்டுகிற நிறுவனம் ஒன்று பொறியியலாளரைத் தேடியது. ஆற்றின் பெயரைப் பார்த்ததும் சீமோன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அதே ஆறு, அதே இடம். இம்முறை கொங்கிறீற் பாலம், கழற்ற முடியாதது. அந்த நாட்டில் வேலை செய்த அனுபவம் கட்டாயம் என்று போட்டிருந்தார்கள். தமக்கே பொருந்துகிற இப்படி ஒரு நிபந்தனையைச் சீமோன் தம் வாழ்நாளில் கண்டதில்லை. விண்ணப்பத்தோடு தாம் போட்ட பாலத்தின் படத்தையும், ஆற்றின் ஆழத்தைத் தம் கையால் குறித்து வைத்திருந்த தாளையும் சேர்த்து அனுப்பினார். மக்டலீன் மெழுகுதிரி கொளுத்தினாள்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. 'தங்கள் ஆர்வத்தைப் பெரிதும் மதிக்கிறோம். எனினும் அதிகாரபூர்வமான பதிவுகளைப் பரிசீலித்ததில், தங்களுடைய அனுபவம் முழுவதும் கனடாவிலுள்ள நானூற்றுப் பன்னிரண்டு சுரங்கங்களில் பெறப்பட்டதாகத் தெரியவருகிறது. தங்களுக்குக் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் மட்டுமே இருப்பதால் தங்களைத் தெரிவுசெய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்.'

சீமோன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கிளடிஸ் அன்ரியிடம் ஓடினார்.

"மாத்தலாம்" என்றார் அன்ரி. "நாட்டை மாத்தினால் அந்த அனுபவம் செல்லாது. அனுபவம் செல்லாட்டில் அனுமதி செல்லாது. அனுமதி செல்லாட்டில் பட்டத்தைத் திருப்பிக் குடுக்கவேணும். மாத்தட்டோ?"

சீமோன் வேண்டாம் என்றார்.

விஷயம் அமிர்தநாதர் காதுக்கு எட்டியது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தை மூன்று தரம் வாசித்தார்.

"தம்பி, பதினைஞ்சு வருசமாய் எங்கடை சனம் இந்த ஒரு கடிதத்துக்குத்தானே அலையுது! டொக்குத்தர்மார் கோப்பை கழுவினம், எஞ்சினியர்மார் பீற்சா காவினம், ஒருத்தருக்கும் கிடைக்கயில்லை. உமக்கு இருக்கிறது முழுக்கக் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் எண்டு அவங்களே எழுதி, கையெழுத்தும் வைச்சிருக்கிறாங்கள்!"

"மாமா, அவை வேலை இல்லையெண்டெல்லோ எழுதியிருக்கினம்."

"வேலை கிடக்கட்டும். கடிதத்தைப் பாரும்!"

அவர் அதைத் தமிழில் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, நூறு பிரதி எடுத்தார். அடுத்த மாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபம் எடுத்துப் பாராட்டு விழா நடந்தது. முந்நூறு பேர் வந்தார்கள். முன்வரிசையில் கிளடிஸ் அன்ரி சேலை கட்டிக்கொண்டு இருந்தார். தேவாரமும் ஞானப்பாட்டும் ஒருங்கே ஒலிக்க, கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மேடையில் வைத்தார்கள். பேசியவர் ஒவ்வொருவரும் இளம் தலைமுறை சீமோன் அண்ணையைப் பின்பற்றிச் சுரங்கப் பொறியியலைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். கொம்பியூட்டர் படித்த பிள்ளைகளின் தாய்மார் ஒருவரையொருவர் கவலையோடு பார்த்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தின் சுரங்கப் பகுதிக்கு அடுத்த வருடம் நாற்பத்தாறு விண்ணப்பங்கள் போனதாகக் கேள்வி.

அமிர்தநாதர் பொன்னாடை போர்த்தி, ஏற்புரை ஆற்றும்படி சீமோனை அழைத்தார். சீமோன் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார். தள்ளுவண்டியோடு நின்ற அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. சபையில் எல்லாரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, எழும்பி நின்று கைதட்டினார்கள்.