அது பூ இல்லை, கத்தி

படம் வரையத் தெரியாதவன் வேறு யாரை வரைந்தாலும் மனைவியை மட்டும் வரையக் கூடாது என்று இதுவரை பலர் எனக்குப் புத்தி சொல்லிவிட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இனியும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரைந்தது தப்பே இல்லை. வரைந்துவிட்டுத் தூங்கியதுதான் தப்பு.

பித்தப்பையில் கல் என்று காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தேன். மறுநாள் காலையில் ஆபரேஷன். ("சின்ன ஆபரேஷன்தானே" என்றார்கள். அடுத்தவர் வயிற்றில் நடப்பதெல்லாம் சின்ன ஆபரேஷன்தான்.) எங்கள் ஊர் வரிச்சிக்குடியில் பஸ் ஏறும்போதே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். ஊசியைப் பார்த்ததும், நெல் அறுப்பு முடிந்தவுடன் வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிப் பார்த்தேன். வயலைக் குத்தகைக்கு விட்டு வெகு நாளாகிறது என்பதை என் மனைவி செல்வராணி அங்கேயே போட்டு உடைத்தாள்.

அன்று மத்தியானம் நஸ்ரின் என்ற பெண் வண்ணப் பெட்டியோடு வார்டுக்கு வந்தாள். ஓவிய சிகிச்சை தருகிறவள். மனத்தில் அடைந்து கிடப்பதை வரைந்துவிட்டால் பாரம் குறையுமாம்.

"எனக்கு ஒழுங்கா கோடே போட வராதும்மா" என்றேன்.

"அழகா வரணும்னு இல்ல சார். ரெண்டே படம். ஒண்ணு உங்க பயம், இன்னொண்ணு உங்க தைரியம். மனசுல தோணுறத வரைங்க."

பயத்துக்கு யோசிக்கவே இல்லை. சர்ஜனை வரைந்தேன். பெரிய மீசை, கையில் கத்தி. கத்தி பளபளப்பாகத் தெரியட்டும் என்று சுற்றிலும் கோடுகள் இழுத்தேன். தைரியத்துக்குச் செல்வராணி. அன்று அவள் கட்டியிருந்த பச்சைக் கட்டம் போட்ட மஞ்சள் புடவை, இடுப்பில் ஒரு கை, மறு கையில் எனக்குக் கஞ்சி கொண்டுவரும் தூக்கு. பின்னந்தலைக் கொண்டையை முன்பக்கத்திலிருந்து எப்படிக் காட்டுவது? மேலே ஏற்றினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சமன் செய்ய மறுபக்கமும் ஒன்று போட்டேன்.

மனப் பாரம் குறைந்தது உண்மை. குறட்டை விட்டுத் தூங்கிவிட்டேன்.

எது பயம், எது தைரியம் என்று நஸ்ரினிடம் நான் சொல்லவில்லை. பாவம், அவள் பார்த்தே புரிந்துகொண்டாள். வராந்தாச் சுவரில் இரண்டையும் ஒட்டி, கீழே தலைப்பும் எழுதி ஒட்டிவிட்டாள். தாமரைப்பூ ஏந்திய மீசைக்காரருக்கு "என் தைரியம்". குண்டாந்தடியோடு நிற்கும் கொம்பு முளைத்த மஞ்சள் உருவத்துக்கு "என் பயம்".

சாயங்காலம் செல்வராணியின் குரல்தான் என்னை எழுப்பியது.

"ஏங்க, எழுந்திரிச்சி வெளியில வாங்க. அங்க ஒட்டியிருக்கே, அது என் பொடவதானே?"

போனேன். வார்டே கூடியிருந்தது. அதே புடவையில், இடுப்பில் கைவைத்து, தூக்கோடு அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே அவள் நின்றாள். மறுக்க வழியே இல்லை.

"செல்வி, அது பயம் இல்ல, அது வந்து..."

"எனக்குப் படிக்கத் தெரியும்."

அதற்குள் சர்ஜன் வந்துவிட்டார். மீசையைத் தடவிக்கொண்டு தாமரைப்பூவை ரசித்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல பேஷண்ட் யாரும் என்னை இப்படி நெனச்சதில்ல சார்" என்றார். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால், விடிந்ததும் என் வயிற்றைத் திறக்கப்போகிறவர் மனம் புண்படும். சொல்லாவிட்டால் ஆயுள் முழுக்க இந்தக் கோபத்தோடு இருக்கும் செல்வராணி கையால் சாப்பிட வேண்டும். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போனது.

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு ரோஷம் வந்ததோ! முதுகுப்பக்கம் திறந்து கிடந்த மருத்துவமனை அங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரண்டு தலைப்பையும் பிய்த்தேன்.

"டாக்டர், கோவிச்சிக்காதீங்க. நீங்கதான் பயம். அது பூ இல்ல, கத்தி. இது எம் பொண்டாட்டி. இவ வாசல்ல நிப்பாங்கிற தெம்புலதான் நாளைக்கு உள்ள வரப்போறேன். அப்புறம் உங்க இஷ்டம்!"

மாற்றி ஒட்ட இரண்டு கையும் தேவைப்பட்டது. அங்கியை விட்டேன். (மேற்கொண்டு விவரிக்க மாட்டேன். ஒட்டி முடித்தேன்.)

சர்ஜன் படத்தருகே குனிந்து பார்த்தார். "இவ்ளோ பெரிய கத்தி எங்கிட்ட இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நஸ்ரின் மட்டும் கைதட்டினாள்.

செல்வராணி என் முதுகுப்பக்கம் வந்து அங்கியை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"அதெல்லாம் சரி, கொம்பு எதுக்குங்க?"

"அது கொண்டை."

அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்ட வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கல்லை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டோம். தன் படத்தைச் செல்வராணி வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் மாடா, பூதமா என்று விசாரிப்பார்கள். எங்கள் மகள் முந்திக்கொண்டு, "அது அப்பாவோட தைரியம். அடுப்படியில இருக்கு, கூப்பிடவா?" என்பாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். சாயல் சரியாகத்தான் வந்திருக்கிறது.