அப்பாவின் காந்தமும் நான் சரித்த சிலையும்

பழைய இரும்புக் கடைக்காரர்களை நல்ல இடங்களுக்குக் கூப்பிடக் கூடாது. கல்யாண வீட்டில் மற்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். நாங்கள் சாம்பார் வாளியைச் சுண்டிப் பார்ப்போம். எட்டாவதோடு படிப்பை விட்டு, காளவாசலில் அப்பாவின் கடையிலேயே வளர்ந்தவள் நான். இதையெல்லாம் யாராவது டீச்சருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

டீச்சர் என்றால் டிராயிங் டீச்சர். வாரம் ஒரு தடவை கடைக்கு வந்து, குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்டு, சாவி, மூக்கொடிந்த கத்திரி என்று பொறுக்குவார். சிலை செய்யவாம்.

"பெரிய உலகச் சண்டை முடிஞ்ச பெறகு வெளிநாட்டுல கொஞ்சப் பேரு இப்பிடித்தாண்ணே செஞ்சாங்க. ரோட்டுல கெடந்த டப்பா, டயரு, கிழிஞ்ச போஸ்டரு எல்லாத்தையும் சேத்து ஒட்டி, இதுதான் எங்க கலைன்னு நிறுத்திட்டாங்க. பெரிய மனுசங்க எல்லாம் திட்டுனாங்க" என்று அப்பாவிடம் ஒருநாள் சொன்னார்.

அப்பா ரொம்ப யோசித்துவிட்டுக் கேட்டார். "காசு குடுத்து வாங்குனாகளா, சும்மா பொறுக்குனாகளா?"

"முக்காவாசி சும்மாத்தான்."

"அப்ப நம்மாளுகதான் டீச்சர்."

பங்குனியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்தால், அவருடைய காந்தத்தைக் காணோம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. சிவப்பு நைலான் கயிறு கட்டியது. வருகிற சாமானில் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளையோ வேறெதுவோ. கடையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினேன். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். (நர்சம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.) கடையில் மாலை போட்டு மாட்டிய போட்டோவில் இருப்பவர் முழுக்கைச் சட்டை போட்ட யாரோ ஒருத்தர். எனக்கு அப்பா என்றால் அந்தக் காந்தம்தான்.

ஆறு மாதம் கழித்து டீச்சர் தன் கண்காட்சிக்குக் கூப்பிட்டார். என்ன உடுத்துவது என்று தெரியாமல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அம்மாவோடு போனேன். (அங்கே எல்லாரும் காட்டன்.)

உள்ளே பார்த்தால் எல்லாம் எங்கள் கடைச் சாமான்! நட்டநடுவில், மேலேயிருந்து ஒரு குலை தொங்கியது. பூட்டு, சாவி, கத்திரி, ஸ்பேனர், சைக்கிள் செயின். உச்சியில் சிவப்பு நைலான் கயிறு. அப்பா போடுகிற அதே முடிச்சு.

"யம்மா! அப்பா காந்தம்!"

"கத்தாதடி, பெரியவுக பேசிக்கிட்டு இருக்காக."

சிறப்பு விருந்தினர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் குறுக்கே நடந்துபோய், எட்டி, காந்தத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

அந்தக் குலைக்கு வெல்டிங்கும் கிடையாது, பசையும் கிடையாது. அம்புட்டும் காந்தத்தின் பிடியில்தான் நின்றது. எனக்கு எப்படித் தெரியும்? (தெரிந்திருக்க வேண்டும். காந்தத்தை வைத்துப் பிழைக்கிற குடும்பம்.) தகரக் கூரையில் லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். விருந்தினர் மைக்கை விட்டுவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பூட்டு உருண்டுபோய் அவர் செருப்பில் முட்டி நின்றது.

"எங்க அப்பாதுங்க! எங்க அப்பாது!" என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் அழுததோடு நிற்க வேண்டுமா இல்லையா? என் கை பாட்டுக்கு, பித்தளைப் பூட்டை ஒரு பக்கம், இரும்புப் பூட்டை ஒரு பக்கம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே கறுப்புப் பெயிண்ட் அடித்த பூட்டுகள். (பித்தளைப் பூட்டுக்கும் வளையம் இரும்புதான், அதனால்தான் காந்தத்தில் ஒட்டியது.)

"அடியே மாரி, இங்கயும் பிரிக்கிறியா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டது.

டீச்சர் ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், நான் ஒதுக்கிய இரண்டு குவியலையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணன் சொன்னது சரிதான்."

"என்ன சொன்னாரு?"

"காந்தத்த அவரேதான் குடுத்தாரு மாரி. உங்கிட்ட சொல்லிருப்பாருன்னு நெனச்சேன். கடைக்கு வேணாமாண்ணேன்னு கேட்டதுக்கு, 'எம் மகளுக்கு எதுக்கு டீச்சர் காந்தம்? கையில எடுத்தாளே போதும், எதுன்னு சொல்லிருவா. எனக்கே அம்புட்டு வராது'ன்னாரு."

என்னிடம் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "கழுத, ஒழுங்காப் பிரி" என்பதுதான் நான் வாங்கிய பெரிய பாராட்டு. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால், பட்டுச்சேலையெல்லாம் துருவோடு, நான் எவ்வளவு பெரிய ஆளாக உட்கார்ந்திருந்தேன் தெரியுமா?

குலையை நானே மறுபடி கோத்துத் தொங்கவிட்டேன். எது கனம், எது லேசு என்று கைக்குத் தெரியுமே. முன்னைவிட நன்றாக நின்றது. (டீச்சர் சொன்னது, நானாகச் சொல்லவில்லை.) காந்தத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதிலிருந்து அழகர்கோவிலுக்குக் கிளம்பினால்கூட, "மாரி, கையக் கட்டிக்க. எதையும் புடுங்கிராத" என்கிறது அம்மா. கடையில் யாராவது, "காந்தம் வச்சுப் பாக்கலையா?" என்று கேட்டால், "காந்தம் கண்காட்சியில தொங்குதுண்ணே. இங்க எம் மகதான்" என்று சொல்லிவிடும். நானும் சாமானைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி, "பித்தளை" என்பேன்.

போன வாரம் அப்படிச் சொன்ன ஒரு குழாய், சுரண்டிப் பார்த்தால் இரும்பு. அதைக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. கடையில் இருக்கிற அப்பா போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஒளித்தேன்.