போளூர்ல மேனேஜர் வேலை காலியா இருக்காம்!

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. போளூர் போய்ட்டு, ஒரு பெரிய மனுஷனப் பார்த்து வணக்கம் வெச்சிட்டு வர்றது. அவ்ளோதான்.

இன்னாத்துக்குன்னு கேட்டீங்கன்னா, போன வாரம் என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க மக்களே.

பயந்துடாதீங்க. படவேட்டுல என் செல் கடை பத்திரமாத்தான் கீது. என்னைத் தூக்கினது எங்க ஊரு ஃபுட்பால் டீமு. அதுக்கு நான்தான் மேனேஜரு. கோச்சும் நான்தான். தண்ணி கேன் தூக்கறதும், கரும்புத் தோட்டத்துக்குள்ள போய் வுழற பந்தைத் தேடி எடுத்துட்டு வர்றதும்கூட நான்தான்.

கடைசி மேட்ச்ல ஒரு புது டெக்னிக் பண்ணேன். ஆரம்பத்துலயே எதிராளிய அசர வெக்கணும்னு கோல்கீப்பரையும் சேர்த்து எல்லாரையும் முன்னாடி ஏத்தி உட்டேன். எதிராளி அசந்துதான் போனான். அசந்துகினே நடு மைதானத்துல இருந்து ஒரு உதை உட்டான். பந்து உருண்டு உருண்டு, நின்னு யோசிச்சி, அப்பால உள்ள போச்சி. தடுக்க அங்க ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்ல.

அன்னிக்கு சாயங்காலமே வாட்ஸப் குரூப்புல கேப்டன் மெசேஜ் போட்டான். "உங்க சேவைக்கு நன்றிண்ணா." கூடவே ஒரு பூமாலை படம். பதில் போடலாம்னு டைப் பண்ணேன். அதுக்குள்ள குரூப்ப உட்டே வெளிய தூக்கிட்டான்!

வூட்ல வந்து சொன்னா, என் சம்சாரம் மகேசு நிதானமா வெங்காயம் உரிச்சிகினே கேக்கறா.

"வேலை போச்சின்னா சம்பளம் போவணும். உங்களுக்கு இன்னா போச்சி?"

"மானம் போச்சிடி!"

"அது மேட்ச் அன்னிக்கே போச்சேங்க."

இதுக்கு மேல அங்க ஆறுதல் கிடைக்காதுன்னு தெரிஞ்சிடுச்சி.

அப்பதான் முந்தாநேத்து மச்சான் ஏகாம்பரம் போன் பண்ணான். மகேசுவோட தம்பி. அமிர்தி பக்கம் காட்டு வேலை பார்க்கறான். அவன் பேசினா பாதி காத்து, பாதி கொர்ர்ர்னு சத்தம்.

"மாமா, போளூர்ல நம்ம தலைவரு கீறாருல்ல, அவரோட கொர்ர்ர்... மேனேஜர் வேலை காலியா கீதாம். உன்னைப் பத்தி சொல்லி வெச்சிட்டேன். நாளைக்கு மண்டபத்துக்குப் போய் அவரைப் பாரு."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சி!

தலைவருன்னா சாதாரண ஆளு இல்லைங்க. போளூர் ஃபுட்பால் டீமுக்குத் தலைவரு. எங்க ஏரியாவுல அதுக்கு மேல டீமே கிடையாது. பசங்களுக்கு ஷூ உண்டு, கோல் போஸ்ட்டுக்கு வலைகூட உண்டு! எங்க போஸ்ட்டு ரெண்டு புங்க மரம். தலைவருக்கு சொந்தமா ஒரு கல்யாண மண்டபம் கீது. பஞ்சாயத்து, மீட்டிங் எல்லாம் அங்கதான் பேசுவாருன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

சின்ன டீம்ல தூக்கினதும் பெரிய டீம்ல கூப்புடறாங்க! டிவியில பெரிய பெரிய மேனேஜருக்கெல்லாம் இப்படித்தானே நடக்குது!

நேத்து காலையில டிராக் சூட்டு போட்டேன். கழுத்துல விசிலு. வண்டிய எடுத்தேன். ஜவ்வாது மலை முதுகுக்குப் பின்னாடி நிக்குது, நான் நெஞ்ச நிமித்திகினு போறேன். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க"ன்னு மகேசு கத்தினது காதுல வுழாத மாதிரி போய்ட்டேன். பெரிய டீம் மேனேஜரு கொத்தமல்லி வாங்குவாரா?

மண்டபத்து வாசல்ல வாழை மரம் கட்டியிருந்தாங்க. ஏதோ நிச்சயதார்த்தம். ஸ்பீக்கர்ல நாதஸ்வரம் காதைக் கிழிக்குது. ஆபீஸ் ரூம்ல தலைவரு உக்காந்திருந்தாரு. வெள்ளை வேட்டி, பெரிய மீசை.

"வாங்க தம்பி, உக்காருங்க. ஏகாம்பரம் எல்லாம் சொன்னான். ஆள வெச்சி வேலை வாங்கறதுல நீங்க கெட்டிக்காரராமே?"

"ஏதோ முடிஞ்சத பண்றேங்க."

"பழைய எடத்துல ஏன் நிறுத்திட்டாங்க?"

"ரிசல்ட்டு சரியா வரலைங்க. ஜனங்க திட்டிட்டாங்க."

"அட, அது எல்லா எடத்துலயும்தான். வர்றவங்க எல்லாரையும் திருப்திப்படுத்த முடியுமா?" நாதஸ்வரத்துக்கு மேல குரல ஏத்தி, "பந்தியப் பத்தி நல்லாத் தெரியுமில்ல?"ன்னாரு.

எனக்கு 'பந்தப் பத்தி'ன்னு கேட்டுச்சி.

"சின்ன வயசுலருந்து அதாங்க என் உசுரே!"

"சொல்லுங்க பார்ப்போம். அதுல இன்னா முக்கியம்?"

"ஒருத்தன்கிட்டயே நின்னுடக் கூடாதுங்க. அடுத்தவனுக்கு, அதுக்கு அடுத்தவனுக்குன்னு போய்ட்டே இருக்கணும். நடுவுல கேப் வுழக்கூடாது!"

தலைவரு மேசைய ஓங்கித் தட்டினாரு. "அதான்! கேப் வுழுந்தா மானமே போச்சி! இங்க கீறவனுங்களுக்கு இது புரிய மாட்டேங்குது. உங்களுக்கு எத்தினி ஆளு வேணும்?"

"பதினோரு பேருங்க. வெளிய மாத்தாளு ஒரு நாலு பேரு."

"பதினோரு பேரு போதுமா! முன்னாடி இருந்தவரு இருபது பேரு கேட்டாரே!"

"இருபது பேரா? அது ரூலுக்கே ஒத்து வராதுங்களே!"

தலைவரு என்னை அப்படியே பாசமாப் பார்த்தாரு. அப்படி என்னை எங்க அப்பாகூட பார்த்ததில்ல.

"பசங்க உள்ள ரெடியா கீறானுங்க. போய் ரெண்டு வார்த்த பேசிட்டு, இன்னிக்கே நடத்திக் காட்டுங்க. அப்பால பேசிக்கலாம்."

உள்ள போனேன். டைனிங் ஹாலு. பெரிய டீமுன்னா சாப்புட்டுட்டுதான் வெளையாடுவாங்க போலன்னு நெனச்சேன். பசங்க வரிசையா நிக்கறானுங்க. எல்லாரும் ஒரே மாதிரி பச்சை டீ-சர்ட்டு. அடேங்கப்பா! கையில எல்லாரும் கிளவுசு. எல்லாருமே கோல்கீப்பரான்னு லேசா ஒரு சந்தேகம் வந்துச்சி. புதுசா வந்த எடத்துல சந்தேகம் கேக்கக் கூடாதுன்னு உட்டுட்டேன்.

"தம்பிங்களா! வர்றவன் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் பயப்படக் கூடாது. ஆரம்பத்துலயே திணறடிக்கணும். போதும் போதும்னு அவனே கையெடுத்துக் கும்புடணும்!"

"அதெல்லாம் போண்டாவே பார்த்துக்கும்ண்ணா"ன்னான் ஒருத்தன்.

போண்டா யாரோ நல்ல ஸ்ட்ரைக்கர் போலன்னு மனசுல குறிச்சி வெச்சிகினேன்.

அப்பதான் கதவத் தொறந்தாங்க. பட்டுப் பொடவையும் வேட்டியுமா கூட்டம் உள்ள பாயுது. ஆளுக்கொரு சேர்ல உக்காந்தாங்க. எதிர்ல இலை. நான் பேந்தப் பேந்த முழிக்கறேன். சமையல் மாஸ்டரு ஓடி வந்து என் கையில ஒரு வாளிய திணிச்சாரு.

"மேனேஜர் சார், இன்னா வேடிக்கை பார்த்துகினு கீறீங்க? சாம்பார புடிங்க!"

மக்களே, அந்த சாம்பார் ஆவி மூஞ்சில பட்டப்பதான் எனக்கு எல்லாம் புரிஞ்சிது. பந்து இல்ல, பந்தி! டீம் மேனேஜர் இல்ல, மண்டபத்து மேனேஜரு!

ஓடிடலாமான்னு பார்த்தேன். வாசல்ல தலைவரு நின்னுகினு, 'நடத்துங்க'ன்னு கண்ணைக் காட்டறாரு. டிராக் சூட்டோட சாம்பார் ஊத்த ஆரம்பிச்சேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, நல்லாத்தான் போச்சி! போண்டாவும் தன் கடமைய சரியா செஞ்சிது. ரசம் வரைக்கும் ஒரு குறையில்ல. அந்தக் கடைசி மூலையில ஒரு வரிசைக்கு மட்டும் ரசம் போவல. "தம்பி, அந்தப் பக்கம்!"னு கத்தறேன், நாதஸ்வரத்துல எவனுக்கும் கேக்கல. பழக்க தோஷம். கை தானா கழுத்துக்குப் போச்சி.

உர்ர்ர், உர்ர்ர்னு ரெண்டு விசில் ஊதினேன்.

அடுத்த நொடி மாப்பிள்ளை வூட்டுக்காரங்க மொத்தமா எழுந்துட்டாங்க!

அவங்க அமிர்தி பக்கத்துலருந்து பஸ் பேசிகினு வந்தவங்க. விசில் சத்தம் கேட்டா இன்னா நெனப்பாங்க? "ஐயய்யோ, பஸ்ஸு கெளம்புது!" எச்சிக் கையோட ஓடறாங்க. ஒரு அம்மா அப்பளத்தோட ஓடுது. முன்னால ஓடறது மாப்பிள்ளையோட பெரியப்பா.

இந்தப் பக்கம் பொண்ணு வூட்டுல வேற மாதிரி புரிஞ்சிகினாங்க.

"பாயசத்துக்கு முன்னாடியே எழுந்து போறாங்களே! நாம இன்னா குறை வெச்சோம்!"னு பொண்ணோட அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க. அலங்காரத்தோட நிக்கற பொண்ணு மூஞ்சியப் பார்த்தேன். மேட்ச்ல தோத்தா அடுத்த வாரம் ஆடிக்கலாம். இது அந்தப் பொண்ணு வாழ்க்கை!

வாளிய போட்டுட்டு ஓடினேன்.

வெளிய டிரைவரு நல்லா தூங்கினு இருந்தாரு. கூட்டம் தபதபன்னு ஏறினதும் எழுந்தவரு, எதுவும் கேக்கல. வண்டிய எடுத்துட்டாரு! உள்ள கீறவங்களுக்கும் பஸ் கெளம்புதுன்னு உறுதி ஆயிடுச்சி.

பின்னாலயே ஓடறேன். "நிறுத்துங்க"ன்னு கத்த மூச்சு இல்ல. விசில எடுத்தேன். ஒரு விசில் ஊதினா நிறுத்து, ரெண்டு ஊதினா போ. இது பஸ்ல போற குழந்தைக்குக்கூட தெரியும். எனக்கும் தெரியும். ஆனா மூச்சு வாங்கினதுல எனக்கு ரெண்டா வந்துடுச்சி.

பஸ்ஸு பறக்குது!

நல்லவேளை, ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சி. அந்த ரயிலுக்கு நான் கோயில் கட்டணும். பஸ்ஸுல ஏறி, படியிலயே கை கூப்பிகினு நின்னேன்.

"ஐயா, யாரும் கோச்சிக்காதீங்க. விசில் ஊதினது நான்தான். பஸ்ஸு கெளம்பல. நீங்க ஏறினதாலதான் பஸ்ஸு கெளம்பிச்சி. அங்க பொண்ணோட அம்மா அழுதுகினு கீறாங்க."

பெரியப்பா என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. டிராக் சூட்டெல்லாம் சாம்பாரு.

"நீ யாருப்பா?"

"மேனேஜருங்க."

"எதுக்கு மேனேஜரு?"

"அதாங்க காலையிலருந்து எனக்கும் தெரியல."

பஸ்ஸுல ஒருத்தர் சிரிச்சாரு. அப்பால எல்லாரும். பெரியப்பா மட்டும் சிரிக்கல. ரொம்ப சீரியஸா கேட்டாரு.

"இன்னும் பாயசம் வெக்கலதானே?"

"வெக்கலைங்க."

"டிரைவரே, வண்டிய திருப்பு!"

எல்லாரும் திரும்பி வந்தாங்க. புது இலை போட்டோம். பெரியப்பா நேரா பொண்ணோட அப்பாகிட்ட போய், "சம்மந்தி, உங்க மண்டபத்துல ஒரு கண்டக்டர வெச்சிருக்கீங்க, மொதல்லயே சொல்லக் கூடாதா?"ன்னாரு. பொண்ணோட அம்மா கண்ணைத் தொடச்சிகினு சிரிச்சிட்டாங்க. பந்தி முடிஞ்சி, நல்ல நேரம் பார்த்து தட்டு மாத்தினாங்க. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சி.

சாயங்காலம் தலைவரு கூப்புட்டாரு. ஒரே நாள்ல சேர்ந்து ஒரே நாள்ல தூக்கப்படற மேனேஜர் நான்தான்னு தயாரா போய் நின்னேன்.

"தம்பி, பந்தியில இருந்து எழுந்து போன மாப்பிள்ளை வூட்டாரத் திருப்பிக் கூட்டினு வந்தவன நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. நாளைக்கே வந்துடுங்க. விசில மட்டும் வூட்லயே வெச்சிட்டு வாங்க."

சந்தோஷத்துல ஆசை வந்துடுச்சி. மெதுவா கேட்டேன். "தலைவரே, அப்படியே நம்ம ஃபுட்பால் டீமுக்கும்..."

அவரு சிரிச்சிகினே என் தோள்ல கை போட்டாரு. "இங்க தப்பு பண்ணா சாம்பார்தான் மிஞ்சும். அங்க பண்ணா கோலு வுழும். வேணாம் தம்பி."

வூட்டுக்கு வந்து மகேசுகிட்ட சொன்னேன்.

"வேலை கெடச்சிடுச்சிடி. மத்த நாள்ல கடைய பார்த்துக்கறேன், முகூர்த்த நாள்ல மண்டபம்."

"அங்க எப்போ தூக்குவாங்க?"

"தூக்க மாட்டாங்க. மேட்ச் பார்க்கறவன் வாய் காலியா கீறதால திட்டறது முழுசா கேக்குது. பந்தியில உக்காந்தவன் வாய்ல சோறு இருக்கும். திட்டினாலும் பாதிதான் புரியும்."