‘ஊர்சுத்தி’க்கு நான் வாங்கிய பாதுகாப்பு

படிவம் நிரப்பத் தெரியாதவன், பொய்யும் சொல்லத் தெரியாதவனாக இருந்துவிட்டால் ஆபத்து. நான் அந்த ரகம்.

எட்டாவது பாதியில் பள்ளியை விட்டவன். பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன், லாரியில் கிளீனராக இருந்தேன், சம்பளம் வராத ஊர்களில் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். (கொசு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.) முத்தியால்பேட்டையில் குடித்தனம் வைத்த பிறகும் கால் நிற்கவில்லை. போன ஊர்களைப் பற்றியெல்லாம் போனிலேயே தட்டி, ‘ஊர்சுத்தி’ என்று ஒரு வலைப்பூ நடத்தினேன். வீட்டில் என்னைத் திட்டும் சொல்தான். ஐந்து வருடத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட “ஊர்சுத்தி அண்ணா” என்று எழுத ஆரம்பித்தார்கள். என் வாழ்க்கையில் நான் சம்பாதித்த ஒரே நல்ல பெயர் அது.

ஒருநாள் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “வேன் கம்பெனிக்காரரோட ஊர்சுத்தி பிளாகை ஏன் காப்பி அடிக்கிறீங்க?”

போய்ப் பார்த்தேன். நான்கு தெரு தள்ளிச் சுற்றுலா வேன் விடும் லூர்து, அதே பெயரில் நேற்றுத்தான் ஒரு வலைப்பூ தொடங்கியிருந்தார்!

“வக்கீலைப் பாத்து ட்ரேட்மார்க் எடுங்க,” என்றாள் என் மனைவி கௌரி.

“இதுக்கெதுக்கு வக்கீலு?” என்று நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே விண்ணப்பம் தட்டிக்கொடுக்கும் பர்வீன், ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணா, கிளாஸ் எதுன்னு கேக்குது.”

பெயரைக் காப்பாற்ற வந்த இடத்தில் படிப்பையா கேட்பார்கள்? ‘பத்து’ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அரசாங்க விஷயமாயிற்றே என்று விழுங்கிவிட்டேன்.

“எட்டு.”

“எட்டேவா, அண்ணா?”

“எட்டுதாம்மா. சத்தமா கேக்காத.”

“கீழ இங்கிலீஷ்ல நீளமா ஒரு லிஸ்ட்டு வருது.”

“வந்தா எல்லாத்தையும் போட்டுடு.” (படிப்பு குறைந்தவர்களுக்கு ஏதோ சலுகை தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.)

ஒன்றரை வருடம் கழித்துச் சான்றிதழ் வந்தது. என் பெயர் போட்டு வந்த முதல் சான்றிதழ். லேமினேட் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கௌரியையும் அழைத்துக்கொண்டு லூர்துவின் ஆபீசுக்குப் போனேன்.

“ஊர்சுத்தி எனக்குச் சொந்தம். நாளைக்குள்ள பேரை எடுத்துடணும்,” என்று அதை மேசைமேல் வைத்தேன்.

லூர்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவருக்குப் பாதி பேச்சு பிரெஞ்சு; ‘ஐயா’ என்பதற்கு ‘முசியே’ என்பார்.

“முசியே, நீங்க கடை வச்சிருக்கீங்களா?”

“இல்லையே.”

“இதுல கத்தி, கத்தரிக்கோலு, சவரக்கத்தின்னு போட்டிருக்கு. அப்புறம் சுத்தி.” சுவரில் ஆணி அடிப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டினார். “ஊரைச் சுத்துற சுத்தி இல்ல முசியே. ஆணி அடிக்கிற சுத்தி.”

ட்ரேட்மார்க் கொடுப்பதற்காக, உலகத்திலுள்ள சரக்குகளையும் சேவைகளையும் நாற்பத்தைந்து வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். எட்டாம் வகுப்பு, கைக்கருவிகளுக்கு. வலைப்பூவுக்கு நாற்பத்தொன்று. (அதுவரைக்கும் யார் படித்திருக்கிறார்கள்?)

“எட்டுன்னு எதுக்குங்க போட்டீங்க?” என்றாள் கௌரி.

சொன்னேன். லூர்து மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கௌரி அவருக்கு முன்பே ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

பிறகுதான் வக்கீலிடம் போனேன். “அந்தப் பேர்ல மொதல்லேர்ந்து எழுதுறது நீங்கதான். தேதியோட எல்லாப் பதிவும் இருக்கு. அதாங்க உங்க பலம்,” என்றவர், நாற்பத்தொன்றில் மனுப் போட்டு லூர்துவுக்கும் நோட்டீஸ் அனுப்பினார். லூர்து தன் வலைப்பூவுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார். என் பெயர் பிழைத்தது.

மானம் பிழைக்கவில்லை. சொந்தத்தில் எந்த வீட்டில் காலண்டர் மாட்டச் சுத்தியை எடுத்தாலும் கௌரி பாய்ந்து தடுக்கிறாள்: “கீழ வைங்க! சுத்திக்கு ஓனரு இங்க உக்காந்திருக்காரு. கேஸ் போட்டுடுவாரு.”

தட்டாஞ்சாவடியில் பட்டறையில் வேலை செய்யும் அவள் தம்பி, போன் செய்தே அனுமதி கேட்கிறான்.

“மாமா, ரெண்டே ரெண்டு ஆணி. அடிச்சுக்கட்டுமா?”

“ஒண்ணு அடி,” என்பேன். “ரெண்டாவதுக்கு எழுத்துல கேளு.”