அம்சம் அனுபவத்தில் உள்ள உடம்பு

திருநங்கைகளின் நலனில் அரசு மிகுந்த அக்கறை கொண்டுள்ளது என்பதை முதல்லயே சொல்லிடணும். எங்களுக்கு நல்ல பேர் கொடுத்துச்சு, வாரியம் கொடுத்துச்சு, பெரிய ஆஸ்பத்திரியில தனியா ஒரு கிளினிக்கே தொறந்துச்சு. அதுக்குள்ள போற வழியை மட்டும் கொடுக்க மறந்துடுச்சு. பாவம், அதுக்கு எத்தனை வேலை!

உள்ள போகணும்னா எங்க ஊர் அரசு டாக்டரோட பரிந்துரைக் கடிதம் வேணுமாம். என் பேர் அம்சம். அப்பா வெச்ச பேர் துரைராசு. இப்ப எங்க அண்ணன் மருதையனைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடறதில்லை. யாரோ சொன்ன மாத்திரையை மருந்துக் கடையில வாங்கி முழுங்கி, ஒருதடவை செத்துப் பொழச்சவ நான். முறையா வைத்தியம் பார்த்து, கண்ணாடியில என் முகத்தையே நான் பார்க்கணும். வேற ஆசை இல்லை.

டாக்டர் ரெத்தினம் ரொம்பத் தன்மையானவர்.

"கடிதம் தர்றதுல எனக்கு ஒண்ணுமில்லம்மா. நாளைக்கே யாராச்சும் கோர்ட்டுக்குப் போனா? நீங்க பொம்பளையாத்தான் இருக்கீங்கன்னு உங்க ஊர் வி.ஏ.ஓ. எழுதித் தரட்டும்."

போன மாசம் எங்க வீட்டுப் பசுவை ஒரத்தநாடு பெரிய மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி மாட்டு டாக்டர் நின்ன இடத்துலயே சீட்டு எழுதுனார். பசு எந்த வி.ஏ.ஓ.வையும் பார்க்கலை.

எங்க வி.ஏ.ஓ. வைத்தியலிங்கம், நிலத்தைத் தவிர வேறெதையும் விசாரித்தறியாத நேர்மையாளர்.

"பட்டாவோ உடம்போ, மாற்றம்னா நடைமுறை ஒண்ணுதான். மூலப் பத்திரம்?"

"எங்க அம்மாதான் சார். வீட்ல இருக்கு, அழைச்சிட்டு வரவா?"

"அனுபவம் எத்தனை வருஷமா?"

"பொறந்ததுலேர்ந்து."

"வில்லங்கம்?"

"அண்ணன் ஒருத்தன் இருக்கான்."

"உடம்பு சொந்தமா, குத்தகையா?"

"குத்தகைன்னே எழுதுங்க சார். நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகைக்காரரைத்தான் யாராலயும் கிளப்ப முடியாது."

அவர் சிரிக்கலை. எழுதிக்கிட்டார்.

ரேஷன் கடைச் சுவத்துல நோட்டீஸ் ஒட்டியாச்சு: 'மேற்படி அம்சம் என்பவரின் அனுபவத்தில் உள்ள உடம்பினைப் பெண் என மாற்றம் செய்வதில் ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் ஆஜராகவும்.' சும்மா இருப்பாரா கட்சிக் கிளைச் செயலாளர் தங்கையன்? 'டெல்டாவின் வீரமங்கையே!'ன்னு ஒரு ஃபிளெக்ஸ் வெச்சார். அதுல அவர் ஆளுயரத்துக்கு நின்னார், நான் தபால்தலை அளவுக்கு இருந்தேன். போட்டிக் கோஷ்டி அதைவிடப் பெருசா ஒண்ணு வெச்சுது. அதுல என் படமே இல்லை.

விசாரணை அன்னைக்கு ஊரே திரண்டுடுச்சு. மொதல்ல எழுந்தது வில்லங்கம்.

"இவன் தங்கச்சியாயிட்டா வருஷா வருஷம் நான் பொங்கச் சீர் தூக்கிட்டு அலையணுமா?"

"யாருண்ணே உன் சீரைக் கேட்டா? ஒருதடவை அம்சம்னு கூப்பிடு, அது போதும்."

அண்ணன் தரையைப் பார்த்தான். ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது.

அடுத்து பண்ணைக்காரர் துரைக்கண்ணு எழுந்தார். நடவாளுங்களோட நான் நடவு நடறது அவர் வயல்லதான்.

"பொம்பளைதாங்க, சந்தேகமே வேணாம். நடவோட, ஆம்பளைங்க தூக்கற நாத்துக்கட்டும் தூக்குச்சு, அதுக்கு ஆம்பளைக் கூலி கேட்டுச்சு. பொம்பளைக்கு ஏது ஆம்பளைக் கூலின்னு பொம்பளைக் கூலிதான் கொடுத்தேன்."

வி.ஏ.ஓ. பேனாவைக் கீழ வெச்சார்.

"அரசுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

சான்று கைக்கு வந்துச்சு. ஓட்டமும் நடையுமா டாக்டர்கிட்ட போனேன். படிச்சவர் எழுந்து கையே கொடுத்துட்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா! விசாரிச்சு, முழுப் பொம்பளைன்னே எழுதிட்டாங்களே! பொம்பளைக்கு எதுக்கு அந்தக் கிளினிக்?"

"அப்ப கடிதம்?"

"ஆம்பளைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க, உடனே தர்றேன்."

ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்து ஓன்னு அழுதேன். கூட வந்த காத்தாயி அக்கா, எங்க நடவாளுங்களுக்குத் தலைவி, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டா.

"எந்திரிடி. அந்தக் கருமத்தையும் வாங்கிப்புடுவோம்."

மறுநாள் நடவாளுங்க மொத்தமும் மனுவோட வி.ஏ.ஓ. முன்னாடி நின்னோம்.

"அம்சத்தை ஆம்பளைன்னு எழுதுங்க சார்," என்றாள் அக்கா. "கையோட எங்களையும் அப்படியே எழுதிடுங்க."

"உங்களை எதுக்கும்மா?"

"நாங்களும்தான் நாத்துக்கட்டு தூக்கறோம். இனிமே ஆம்பளைக் கூலி வாங்கிக்கறோம்."

வி.ஏ.ஓ.வுக்கு வேர்த்துடுச்சு. துரைக்கண்ணுவுக்குப் போன் போச்சு. துரைக்கண்ணு தங்கையனுக்குப் போட்டார், தங்கையன் டாக்டருக்குப் போட்டார். சாயங்காலத்துக்குள்ள என் பரிந்துரைக் கடிதம் ஆஸ்பத்திரி ஜீப்புல வீடு தேடி வந்துடுச்சு. மேல 'மிக அவசரம்'னு சிவப்பு மை. ஊர்ல கூலி ஏறாம இருக்க, ஒரு திருநங்கைக்கு நியாயம் கிடைச்சுது!

கிளினிக்குக்குக் கிளம்பற அன்னைக்குக் கடிதத்தை ரவிக்கைக்குள்ள பத்திரமா செருகிக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னேன். வழியனுப்ப வந்த காத்தாயி அக்காகிட்ட, "உங்க மனு என்னக்கா ஆச்சு?"ன்னு கேட்டேன்.

"தள்ளுபடிடி. ஊர் ஆம்பளைங்க அத்தனை பேரும் ஆட்சேபணையில கையெழுத்துப் போட்டுட்டானுங்க."

"மொதக் கையெழுத்து பண்ணைக்காரரோடதா?"

"இல்ல," என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரரோடது."